மாமியாருக்குச் சோறு, அம்மாவுக்குக் களி, கணவருக்கு பாதாம்: எதைச் சமைப்பது?

(பெயர், அடையாள விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

வாசகியின் கடிதம், சுருக்கமாக: வயது 34. பிறந்து வளர்ந்தது தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். கணவர் குடும்பம் மன்னார்குடி. இப்போது சென்னை மேடவாக்கத்தில் அடுக்ககத்தில் நால்வராக வசிக்கிறார்கள். கணவருக்கு வயது 39, ஐடி வேலை. அலுவலக ஹெல்த் செக்கப்பில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1, ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பில் ஒரு வகை) 260 என்று வந்திருக்கிறது. அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டு யுத்தம். கணவர் அலுவலக நண்பர்களின் பேலியோ (மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் உணவுமுறை) குழுவில் சேர்ந்து காலையில் நூறு பாதாம் சாப்பிடுகிறார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய் உள்ள தன் அம்மாவையும் அதில் சேர்க்கப் பார்க்கிறார். மாமியாரோ, "சோறு இல்லாத சாப்பாடு ஒரு சாப்பாடா? களியெல்லாம் கூலி வேலைக்குப் போறவங்க திங்கிறது" என்கிறார். ஊரிலிருக்கும் அம்மா மாதாமாதம் ராகி மாவு அனுப்பி, களி கிண்டிப் போட்டால் சுகர் ஓடிவிடும் என்கிறார். எதிர்வீட்டுப் பெண்மணி சொல்வது ஓட்ஸும் குயினோவாவும். எட்டு வயது மகள், ராகி தோசையை வகுப்பில் "கறுப்பு தோசை" என்று கிண்டல் செய்ததால் டிபன் பாக்ஸைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவருகிறாள். "இதில் யார் சொல்வது ஆரோக்கியம்? எங்க ஊர்ல களி திங்கிறவங்களுக்கு சுகர் வந்து நான் பார்த்ததே இல்லை" என்று கேட்கும் வாசகி, ஒரு மாத மளிகைச் சீட்டையும் மாமியாரின் மாத்திரைப் பட்டியலையும் இணைத்திருக்கிறார். தன்னைப் பற்றி ஒரே ஒரு வரி: "எனக்கு ஹீமோகுளோபின் 9.4. எப்பவும் அப்படித்தான்."

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விக்கு வருமுன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாமியாரை பேலியோவில் இறக்க வேண்டாம். இன்றைக்கே கணவரிடம் சொல்லிவிடுங்கள். பட்டியலில் உள்ள கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. தட்டில் வழக்கமான சோறு இருக்கும் என்ற கணக்கில்தான் டாக்டர் அந்த அளவை எழுதியிருப்பார். சோற்றைத் திடீரென்று நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கினால் லோ சுகர் வரும். 66 வயதில் அது நடுராத்திரித் தூக்கத்தில் வந்தால் பக்கத்து அறையில் இருக்கும் உங்களுக்குக்கூடத் தெரியாது. இன்னொரு மாத்திரையான டாபாக்ளிஃப்ளோசின் எடுப்பவர் மாவுச்சத்தை அடியோடு விட்டால், மெஷினில் சர்க்கரை பெரிதாக ஏறாமல் இருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிவிடும் ஆபத்து உண்டு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அவருக்கு 1.6 என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிறுநீரகத்தின் மேல் முட்டையும் பனீருமாகப் புரதத்தை ஏற்றக் கூடாது. அவர் சாப்பாட்டில் எதை மாற்றுவதானாலும் அவருடைய டாக்டரைக் கேட்ட பிறகுதான்.

இனி யுத்தத்துக்கு வருவோம்.

அவரவர் ஊர் பேசுகிறது

உங்கள் மாமியார் பிடிவாதக்காரர் இல்லை. காவிரித் தண்ணீர் பாய்ந்த மன்னார்குடியில் குறுவையும் சம்பாவும் போட்ட குடும்பத்தில், சோறுதான் சாப்பாடு, சோறுதான் மரியாதை. கேழ்வரகு அவர் கண்ணில் பட்டிருந்தால் வேலையாட்களுக்கு ஊற்றிய கூழாகத்தான் பட்டிருக்கும். அதை இப்போது தன் மகனுக்கு மருமகள் பரிமாறினால் அவருக்குச் சத்துக்கணக்கா தோன்றும்? குடும்பம் ஒரு படி இறங்கிவிட்டதாகத்தான் தோன்றும்.

உங்கள் பக்கம் மானாவாரி மேட்டு நிலம். ராகி, சாமை, நிலக்கடலை, அவரை. அங்கேயும் உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்: நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான் என்பார், அதற்காக ஏங்கியதையும் சொல்வார். 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011இல் இலவசமானது. பசி தீர்ந்தது, அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கூடவே களிச்சட்டி பரணுக்கும் போனது. 2023இல் அதே தர்மபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் ராகி கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. ஏழைச் சாப்பாடு என்று கைவிடப்பட்டது ஒரு தலைமுறைக்குள் சத்துணவாகத் திரும்பி வந்திருக்கிறது. தானியம் மாறவில்லை, அதைப் பார்க்கிற கண்தான் மாறியது.

கணவருக்கு ஊர் என்பது அலுவலகம். எதிர்வீட்டுக்காரருக்கு சூப்பர் மார்க்கெட் அலமாரி. நம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஊர் உண்டு, ஆஸ்பத்திரி வார்டு. நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள், பிரெட், ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ் வாங்கிப் போய்ப் போய், அவையே சத்தான உணவு என்று மனதில் பதிந்துவிட்டன. ஆஸ்பத்திரி வாசலில் கூறு கட்டி விற்கும் கொய்யாவில் வைட்டமின் சி ஆப்பிளைவிட இருபது மடங்குக்கும் மேல். ஆனால் கொய்யாவை வாங்கிக்கொண்டு வார்டுக்குள் போனால் கஞ்சப் பட்டம் கிடைக்கும்! உங்கள் சீட்டில் மகளுக்கென்று இருக்கும் மால்ட் பவுடரும் இந்த வகைதான். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒன்று வரையறுக்கப்படவே இல்லை. அதனால் 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளை அந்தத் தலைப்பிலிருந்து இத்தகைய பானங்களை நீக்கச் சொன்னது. அதை நிறுத்திவிட்டு வெறும் பாலைக் கொடுங்கள், போதும்.

களியும் மருந்தல்ல

இங்கே உங்களையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. களி தின்றவர்களுக்கு சுகர் வந்து பார்த்ததில்லை என்கிறீர்கள். உங்கள் அப்பா விடிவதற்கு முன் காட்டுக்குப் போய், வெயில் ஏறும்வரை கடலைக்காட்டில் குனிந்து நிமிர்ந்துவிட்டு வந்துதான் அந்த உருண்டையைச் சாப்பிட்டிருப்பார். உங்கள் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து சாப்பாட்டு மேஜைக்கு வருகிறார். தவிர, அந்தக் காலத்தில் ஊரில் யார் சுகர் டெஸ்ட் எடுத்தார்கள்? எடுக்காததாலேயே தெரியாமல் போனவர்களும் இருந்திருப்பார்கள்.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு பெரிய களி உருண்டைக்குச் சுமார் நூறு கிராம் மாவு போகும். அதில் மாவுச்சத்து 65 முதல் 70 கிராம். ஒரு கப் சோற்றில் சுமார் 40 கிராம். ஆக இரண்டு உருண்டை களி, மூன்று கப் சோற்றுக்குச் சமம். நொய்யும் போட்டுக் கிண்டினால் இன்னும் கூடும். மைய அரைத்த மாவில் காய்ச்சும் கூழும் கஞ்சியும் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய இன்டியாப் என்ற சர்க்கரை நோய் ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானது. அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ என்று தானியத்தை மட்டும் மாற்றியதால் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் வகைப் புரதம் வந்தால்தான் பலன் என்பது அதன் முடிவு.

ராகிக்குப் பெருமை இல்லாமலில்லை. நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அரிசியில் அது மிகச் சொற்பம். நார்ச்சத்தும் உண்டு. ஆனால் உங்கள் அம்மா வீட்டுத் தட்டில் களியைக் காப்பாற்றியது பக்கத்தில் இருந்த கீரைக் கடைசலும் அவரைக் குழம்பும் கருவாடும். மேடவாக்கத்துக்குக் களி மட்டும் வந்திருக்கிறது, கடைசல் வரவில்லை.

இதை நூறாண்டுக்கு முன் குன்னூரிலேயே பார்த்திருக்கிறார்கள். வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய 1918இல் அங்கே ஒரு சிறு பிரிவு தொடங்கியது. அதை நடத்திய ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர், எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து சீக்கியர் சாப்பாடு, பட்டாணியர் சாப்பாடு, வங்காளி சாப்பாடு, மதராஸ் சாப்பாடு என்று ஊட்டிப் பார்த்தார். சீக்கியர் உணவு தின்ற எலிகள் கொழுகொழுவென்று முதலில் நின்றன. நம்முடையவை கடைசி வரிசையில். அரிசி என்பதால் மட்டும் இல்லை. தவிடு நீக்கித் தீட்டிய அரிசி, அதனோடு பால், பருப்பு, காய் மிகக் குறைவு. அந்தப் பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

மளிகைச் சீட்டு காட்டும் உண்மை

நீங்கள் அனுப்பிய சீட்டு இந்தக் கடிதத்திலேயே மதிப்பான பகுதி. மாதத்துக்குப் பொன்னி அரிசி 25 கிலோ, இட்லி அரிசி 6, கோதுமை மாவு 5. நால்வருக்குப் பிரித்தால், பாப்பாவையும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி 2000 கலோரித் தட்டுக்குச் சொல்வது 250 கிராம் தானியம். கூடுதல்தான், ஆனால் அலற வேண்டிய அளவில் இல்லை.

காய்கறிக்கு வாருங்கள். வாரத்துக்கு 4 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 140 கிராம் சொச்சம், அதிலும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்த்து. வழிகாட்டி கேட்பது 400 கிராம். பருப்பு எல்லாம் கூட்டி 5 கிலோ, ஆளுக்கு 40 கிராம். பருப்பும் முட்டையும் கறியுமாக 85 கிராம் இருக்க வேண்டும். எண்ணெய் 5 லிட்டர், ஆளுக்கு 38 கிராம், 27 போதும்.

மூன்று மாதமாக வீட்டில் அரிசியா ராகியா பாதாமா என்று சண்டை நடக்கிறது. உண்மையான ஓட்டை காய்கறிப் பையில். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் புடலங்காய்க்கு ஊரும் இல்லை, சாதியும் இல்லை, வாட்ஸ்அப் குழுவும் இல்லை. காய்கறியை வாரம் 8 கிலோவாக்குங்கள், இரண்டு கட்டுக் கீரை தனி. மதியத் தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் பரிமாறிவிட்டு, சோற்றைக் கடைசியில் கரண்டியால் அளந்து வையுங்கள். மாமியார் தட்டில் மட்டும் இந்த மாற்றம் டாக்டரைக் கேட்ட பிறகுதான். அப்போதும் அவரிடம் "சோற்றைக் குறைக்கிறேன்" என்று சொல்லவே வேண்டாம். அவருக்கு வாழைப்பூ பருப்புசிலியும் மோர்க்கூட்டும் பிடிக்கும் என்றால் அவரையே செய்யச் சொல்லுங்கள். சோறு இலையில் இருக்கும், அவர் மரியாதையும் இருக்கும், தட்டின் கணக்கு மட்டும் மாறியிருக்கும். அவருக்கு உப்பும் பொட்டாசியமும் எவ்வளவு என்பதை அந்த டாக்டர் சந்திப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெயையும் அரிசியையும் குறைத்து மிச்சப்படும் பணம், கூடுதல் காய்கறிக்கு ஓரளவு ஈடாகும். பாதாம் குறைந்தால் முழுவதும் ஈடாகும். குயினோவாவை எதிர்வீட்டோடு விட்டுவிடலாம்.

கணவரின் குழு

எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.1 என்பது எச்சரிக்கை, தீர்ப்பு இல்லை. சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இதே கட்டத்தில் இருந்த 531 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மட்டுமே நோயாக மாறும் அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தன. அந்த ஆய்வில் கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் ஏறக்குறைய அதே பலன்தான்.

பேலியோவை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் எடையும் ட்ரைகிளிசரைடும் இறங்கும், அது உண்மை. அந்தக் குழுவின் பலமும் உண்மை: யார் இன்று நடந்தார், யார் வடையைத் தொட்டார் என்று பத்துப் பேர் விசாரித்துக்கொண்டே இருப்பது எந்த டயட் சார்ட்டாலும் முடியாத காரியம். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊர்க்காரர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த தகவல்களை அலசி 2007இல் ஓர் ஆய்வு வந்தது. நண்பர் ஒருவர் பருமனானால் நாமும் பருமனாகும் வாய்ப்பு 57 சதவீதம் கூடுகிறது என்றது. ஒரே மாதிரியானவர்கள்தானே நண்பர்களாகிறார்கள் என்று புள்ளியியல் அறிஞர்கள் சிலர் அதை மறுத்ததும் உண்டு. எப்படியோ, நண்பர்களைப் பார்த்துக் கூடிய எடை நண்பர்களைப் பார்த்தே குறையட்டும்.

சிக்கல் அளவில். நூறு பாதாம் என்றால் 120 கிராம், கிட்டத்தட்ட 700 கலோரி. நாற்காலி வேலைக்காரருக்கு அது ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. அதையும் நெய்யில் வறுத்து, மதியம் வீட்டுச் சாப்பாட்டையும் மறுக்க முடியாமல் சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும். இப்படிப் பாதி அங்கே பாதி இங்கே என்று நிற்பதுதான் மிக மோசமான ஏற்பாடு. இருபது பாதாம், இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல் என்று காலை உணவை வைத்துக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை பிரியாணியோடு வரும் கோலாவும், பீர் உண்டென்றால் அதுவும், ட்ரைகிளிசரைடுக்குச் சோற்றைவிடப் பெரிய எதிரி. அவர் பேலியோவைத் தொடர்வதானால் மூன்று மாதத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிலருக்கு அது எகிறிவிடும்.

மகளின் டிபன் பாக்ஸ்

குழந்தையைத் திட்டாதீர்கள். எட்டு வயதில் வகுப்புத்தான் உலகம். லீயான் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு காயைப் பிடிக்காத சின்னப் பிள்ளையை அதை விரும்பிச் சாப்பிடும் பிள்ளைகளோடு நாலைந்து நாள் மதியம் உட்காரவைத்தபோது, அந்தப் பிள்ளையும் அதை எடுத்துச் சாப்பிடத் தொடங்கியது. பெரியவர்கள் சொன்ன உபதேசம் எதுவும் அதில் இல்லை. அதனால் ராகியைப் பள்ளிக்கு அனுப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். சனிக்கிழமை அவளுடைய இரண்டு தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு, வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்ட ராகி அடையைச் சூடாக, நாட்டுச்சர்க்கரையும் வெண்ணெயும் வைத்துக் கொடுங்கள். திங்கட்கிழமை டிபன் பாக்ஸ் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அவர்களுக்கும் பிடிக்கவில்லையென்றால் போகட்டும், முட்டை தோசையும் கடலை உருண்டையும் குறைந்தவை அல்ல.

பள்ளி கேன்டீனில் சிப்ஸும் குளிர்பானமும் விற்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சாதாரண விஷயமில்லை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. பெற்றோர் கூட்டத்தில் இதை எழுத்தாகக் கொடுங்கள், இன்னும் நாலு பெற்றோரின் கையெழுத்தோடு. நடவடிக்கை இல்லையென்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு.

உங்கள் 9.4

நால்வரின் ரிப்போர்ட்டையும் மேஜையில் பரப்பினால், மாமியாரை அடுத்து உடனே வைத்தியம் தேவைப்படுபவர் நீங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ் இருந்தாலே ரத்தசோகை. 8 முதல் 10.9 வரை நடுத்தர நிலை. "எப்பவும் அப்படித்தான்" என்று நீங்கள் எழுதக் காரணம், அம்மாவுக்கும் அக்காவுக்கும் அடுத்த வீட்டுக்காரிக்கும் அப்படியே இருப்பதுதான். தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019–21இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சுற்றியிருக்கும் எல்லோருக்கும் இருந்தால் நோய்கூட இயல்பாகத் தெரியும். மாடி ஏறும்போது இரைக்கிறதா, தலைமுடி கொட்டுகிறதா, மாவு, அரிசி, சாக்பீஸ் வாயில் போட ஆசை வருகிறதா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பு), தைராய்டு ஆகிய மூன்று பரிசோதனைகளையும் எடுத்துப் பாருங்கள். மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டினாலோ கட்டி கட்டியாகப் போனாலோ மகளிர் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் 9.4ஐ 12 ஆக்காது. முருங்கைக்கீரை துணை செய்யும், தனியாகத் தீர்க்காது. இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். குடற்புழு மாத்திரையும் அங்கேயே கேளுங்கள். சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள், டீ இரும்பை உடலில் சேரவிடாது. மாத்திரையைப் பாலோடும் ராகிக் கஞ்சியோடும் சேர்க்காமல் எலுமிச்சைச் சாறோடு விழுங்குங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவதாக நீங்கள் எழுதவில்லை. ஆனால் சீட்டில் முட்டை வாரம் பத்து என்று இருக்கிறது. கணவருக்கு நாளுக்கு ஒன்று போக மூன்று மிச்சம், அதுவும் மகளுக்கு. உங்களுக்கு எது? இரவுச் சாப்பாட்டுக்கு நால்வரும் ஒன்றாக உட்காருங்கள், பாத்திரங்களை மேஜையில் வைத்து அவரவரே போட்டுக்கொள்ளட்டும். முட்டையை இருபத்தைந்தாக்குங்கள்.

மாத்திரை தொடங்கி நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறினால், 12ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஏறவில்லையென்றால், நீங்களாக மாத்திரையை இரண்டாக்க வேண்டாம். ரத்தம் எங்கோ கசியலாம், குடல் இரும்பை உறிஞ்சாமல் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். ரிப்போர்ட்டுகளோடு பொது மருத்துவரைப் பாருங்கள்.